சுவரில் பதினொரு கைகள்

எங்கள் பம்பு கம்பெனி முதலாளி அருணகிரிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம் ஒரு ஆசை வந்தது. காக்களூரில் புது ஆபீஸ் கட்டி முடித்திருந்தார். முன்கூடத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. "இது எப்படிப்பட்ட கம்பெனின்னு உள்ள வர்றவங்களுக்கு அந்தச் சுவரே சொல்லணும்" என்றார். ஒரு சாமி படம் மாட்டினால் போதாதா என்று நாங்கள் சிரித்தோம். அவரோ மெட்ராசிலிருந்து மணவாளன் என்ற சிற்பியைக் கூட்டிவந்துவிட்டார்.

மணவாளன் ஒரு வாரம் எங்களோடு சுற்றினார். பிறகு ஒரு யோசனை சொன்னார். தொழிலாளிகள் பதினொரு பேரின் கைகளை அவர் பிளாஸ்டரில் அச்செடுப்பார். அதை எங்கள் பட்டறையிலேயே அலுமினியத்தில் வார்த்துச் சுவரில் பதிக்க வேண்டும். வார்ப்பது என் வேலை. மண்ணில் அச்சு வைத்து உலோகம் ஊற்றுவதில் இந்தப் பாக்கியநாதனுக்கு ஈடு சுற்றுவட்டாரத்தில் கிடையாது. யாரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பதினொன்றில் ஒன்று சின்னதுரையின் வலது கை. ஆறு வருஷத்துக்கு முன் பிரஸ் மெஷினில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அன்றிலிருந்து அவன் ஆபீசுக்கு டீயும் தண்ணீரும் கொண்டுபோகிறான். அவன் பெயரைக் கேட்டதும் மேனேஜர் வரதன் முகம் சுளித்தார். "அந்தக் கை வேணாமே சார், வர்றவங்க கண்ணை உறுத்தும்" என்றார். மணவாளன்தான் பிடிவாதமாக அதையும் சேர்த்துக்கொண்டார்.

அச்சுகளைப் பட்டறையில் இறக்கிவிட்டு மணவாளன் வேறு வேலையாக மெட்ராஸ் போய்விட்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சின்னதுரையின் பிளாஸ்டர் கையில் ஐந்து விரல் இருந்தது. இரண்டை மெழுகில் செய்து ஒட்டியிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வரதன் வேலைதான், சந்தேகமே இல்லை! அவனுடைய விரலையும் வாங்கிக்கொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

வார்ப்படக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அச்சில் வேண்டாத பிசிறு இருந்தால் யாரையும் கேட்கமாட்டான். தட்டி எடுத்துவிட்டுத்தான் மண்ணில் வைப்பான். நானும் தட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் பெண்டாட்டி ஆரோக்கியமேரி அடிக்கடி சொல்வாள். அவள் சொன்னதைக் கேட்கிற ஆளா நான்? மெழுகு விரல் இரண்டையும் உலையில் போட்டேன்.

மறுநாள் சின்னதுரை டீயோடு வந்தான். "என் கைய ஊத்திட்டியாண்ணே? நல்லா வந்துகீதா?"

"அச்சு அசலா வந்துகீதுடா" என்றேன்.

அவன் முகமெல்லாம் சிரிப்பு. பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். முன்வாசல் வழியாக நாங்கள் உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. சின்னதுரை தன் மனைவி கன்னியம்மாவையும், ஐந்து வயது மகள் ரத்னாவையும் கூட்டிவந்திருந்தான். குழந்தைக்குப் புதுப் பாவாடை. முதலாளி திரையை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டப்போன சின்னதுரை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டான்.

ரத்னா சுவருக்குக் கீழே போய் நின்று ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாப்பா, அஞ்சு வெரலு இருக்கும்னு சொன்ன? இது எப்பவும் இருக்கறா மாரியே கீது!"

எனக்குப் புரியவில்லை. கன்னியம்மாதான் மெல்லச் சொன்னாள்: "சிலை செய்யறவராண்ட இவருதாண்ணே கெஞ்சிக் கேட்டு மெழுவுல வைக்கச் சொன்னாரு. பொண்ணு பொறந்ததுலேர்ந்து அப்பன் கைய முழுசா பாத்ததேயில்லன்னு அவருக்கு ஒரே கொற. பத்து நாளா அவளாண்ட இதே பேச்சு."

அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் தேவலை. சின்னதுரைக்காக இந்த ஆறு வருஷத்தில் யார் யாருடனோ சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் கையைப் பற்றி அவனிடமே ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முதலாளியோ அந்தக் கையின் முன்னாலேயே நின்றுவிட்டார். "பாருங்க, இதுதான் எங்க கம்பெனி. எதையும் மறைக்கல" என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரதன் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் சின்னதுரையைத் தனியாக இழுத்துப் போனேன். "தெரியாம பண்ணிட்டேன்டா. மொதலாளி கால்ல உழுந்தாவது அத்தப் பேத்தெடுக்கறேன். அஞ்சு வெரலோட வேற ஊத்தித் தரேன்."

அவனுக்குக் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேணாண்ணே, அவ பாத்துட்டா" என்றான். "இனிமே அஞ்சு வெரலோட வெச்சா, இது யாரு கைப்பான்னு கேப்பா."