இருபத்திரண்டாம் நம்பருக்கு ஒரு பேனர்

கடையில் அவருக்கு வைத்த பெயர் ‘அரை இஞ்ச்’. திரைச்சீலை தைக்கிறவர். யாராவது ஜன்னல் அளவு கொண்டுவந்தால், “அரை இஞ்ச் விட்டுப் பிடிச்சீங்களா, சேத்துப் பிடிச்சீங்களா?” என்று கேட்டு உயிரை எடுப்பார். துணியில் இவ்வளவு கறாரான மனுஷன், பெற்ற மகளோடு நேருக்கு நேர் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மகள் கால்பந்து அணியில் கோல்கீப்பர். கையிலிருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஆடப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, “பந்துக்குப் பின்னாடி ஓடறவளுக்கு இந்த வீட்ல என்ன வேலை?” என்று கத்திவிட்டார். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அவளுக்கும் அப்பனுடைய ரோஷம்தானே இருக்கும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அணியின் விடுதிக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எல்லாச் சேதியும் மனைவி வழியாகத்தான். “அப்பாகிட்ட சொல்லும்மா, இந்த வருஷம் எனக்கு இருபத்திரண்டாம் நம்பர்.” “அவகிட்ட சொல்லு, மழையில நனைஞ்சா தலையத் துவட்டச் சொல்லு.” இப்படி நடுவில் நின்று இரண்டு பக்கமும் சேதி சொல்லிக்கொண்டிருந்தவள் நான்கு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. சாவுக்கு மகள் வந்திருந்தாள். கூடத்தின் அந்த மூலையில் அவள் அழுதாள், இந்த மூலையில் இவர் அழுதார். சாயங்காலம் அவள் விடுதிக்குத் திரும்பிவிட்டாள்.

சீசனின் கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருக்கு அந்த யோசனை வந்தது. அவள் நம்பரைப் போட்டு ஒரு பேனர் தைத்து மைதானத்துக்கு எடுத்துப் போக வேண்டும். அவள் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும். வீட்டுக்கு வாம்மா என்று கூப்பிட அவருக்கு வாய் வராது, தைக்கக் கை வரும்.

அணியின் நிறம் கரும்பச்சை. ஏதோ ஓர் அரங்கத்துக்குத் தைத்ததில் மிஞ்சிய துணி கடையில் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஜையில் விரித்தார். அட்டையில் எழுத்து வெட்டி, அதை வெள்ளைத் துணியில் வைத்து, சாக்கட்டியால் வரைந்து கத்தரித்து, ஓரம் பிரியாமல் நெருக்கித் தைத்தார். ‘விடாதே 22!’ பழக்க தோஷம் விடுமா? கீழ் மடிப்பில், திரைக்குப் போடுகிற மாதிரி, ஈயக் குண்டுகளையும் வைத்துத் தைத்துவிட்டார்.

இஸ்திரி போடும் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏண்ணே, இது பேனரா, ஜன்னல்ல மாட்டறதா?”

“காத்துல சுருண்டா நம்பர் தெரியாதும்மா.”

“நம்பர் தெரியும். பேனரைக் கட்டினது நீங்கதான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும், தெரியும்,” என்றார். மறுநாள் வலது மூலையில் சின்னதாக ‘அப்பா’ என்று சேர்த்தார். மூன்றே எழுத்து. மூன்று தடவை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

ஆட்டத்தன்று முதல் ஆளாகப் போய் நின்றார். பேனரை மேல் வரிசைக் கம்பியில்தான் கட்ட வேண்டும் என்றார் காவலாளி. அங்கிருந்து பார்த்தால் ஆடுகிறவர்கள் கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தார்கள். அவருடைய கண்ணாடியோ ஊசியில் நூல் கோர்க்க வாங்கியது. இருந்தாலென்ன? கோலுக்கு முன்னால் தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓர் உருவம் நின்றது, முதுகில் 22. அது போதும். தொண்டை கிழியக் கத்தினார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அவள் பாய்ந்து விழுந்து ஒரு பந்தைப் பிடித்தாள். எழுந்தாள். மேலே பார்த்தாள். பேனரைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

அவர் அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், “என் பொண்ணு, என் பொண்ணு,” என்றார்.

ஆட்டம் முடிந்ததும் பேனரை அவிழ்த்து அப்படியே அணைத்துக்கொண்டு கீழே வேலி வரைக்கும் ஓடினார். அவளும் கையுறையைக் கழற்றியபடி ஓடி வந்தாள். கிட்டே வந்த முகம் மகளுடையது இல்லை. பத்தொன்பது இருபது வயதுப் பெண், முகமெல்லாம் சிரிப்பு.

“அங்கிள், நீங்கதானா அது? எனக்கு யாருமே இப்படிச் செஞ்சதில்ல!” என்று துணியை ஆசையாக இழுத்துப் பார்த்தாள். மூலையில் இருந்ததைப் படித்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “நீங்க... அக்காவோட அப்பாவா?”

“அவ எங்கேம்மா?”

“முட்டியில அடிபட்டு மூணு மாசமாச்சே அங்கிள். ஆபரேஷன் பண்ணியும் இனிமே ஆட முடியாதுன்னுட்டாங்க. போன மாசம் வேற ஊர்ல வேலை கிடைச்சுப் போயிட்டாங்க. அப்புறம்தான் இந்த நம்பரை எனக்குக் குடுத்தாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “வீட்டுக்குச் சொல்லிட்டேன்னாங்களே. அம்மா போனுக்கு மெசேஜ் போட்டாங்களே.”

மனைவியின் போன். அது அடிப்பதைக் கேட்கப் பொறுக்காமல் மூன்றாம் நாளே அணைத்து, அலமாரியில் அவள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டிருந்தார். செத்துப்போனவள் போனுக்கு யார் என்ன அனுப்பப் போகிறார்கள் என்ற நினைப்பு. அப்பாவுக்குச் சேதி சொல்ல மகளுக்கு வேறு வழி பழக்கமே இல்லை என்பது அந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

பேனரை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். “வச்சுக்கோம்மா. உன் நம்பர்தானே.”

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் போனை எடுத்துச் சார்ஜில் போட்டார். உயிர் வந்ததும் சேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

“அம்மா, அப்பாகிட்ட சொல்லு, முட்டி திரும்பிடுச்சு.”

“அம்மா, அப்பாகிட்ட சொல்லு, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருந்தா நல்லதாம்.”

“அம்மா, அப்பாகிட்ட சொல்லு, காலையில எட்டு மணிக்கே வச்சுக்கச் சொல்லிட்டேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்.”

கடைசியாக ஒன்று, அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பியது. “அம்மா, அப்பாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்.”

அதற்கப்புறம் எதுவும் இல்லை. அவர் அந்தப் போனிலிருந்தே கூப்பிட்டார். வெகுநேரம் மணி அடித்தது.

“...யாரு?”

“நான்தாம்மா. அப்பா.”

போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

“இப்பதான் பார்த்தேம்மா. போனை அணைச்சு வச்சிட்டேன். எல்லாத்தையும் இப்பதான் பார்க்கறேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்குக் கூட யாரு இருந்தா?”

“யாரும் இல்லப்பா. எட்டரை வரைக்கும் வாசலைப் பார்த்துட்டிருந்தேன். அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேம்மா.”



“ஓடி வந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியலையேப்பா,” என்றாள்.