ஆறு வாட் பெட்டி

அத்தான் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவர் கட்டிவைத்த பழைய கம்ப்யூட்டர் மட்டும் அக்கா வீட்டுக் கூடத்து மூலையில் ராப்பகலாக இரைந்துகொண்டிருந்தது. அதற்குள்தான் அவர் குரல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த கடைசி வருஷத்தில், மகளுக்காகத் தினமும் ஒரு கதை சொல்லிப் பதிவுசெய்து வைத்திருந்தார். வீட்டு வைஃபையில் போனைத் திறந்தால் போதும், கேட்கலாம். வேறு எங்கேயும் பிரதி கிடையாது. நம் வீட்டுச் சமாச்சாரம் ஊரான் கம்ப்யூட்டரில் எதற்கு என்பார்.

“இந்த இரைச்சல் மண்டையைக் குடையுதுடா. சூடு வேற. சின்னதா ஒண்ணு வாங்கி மாத்திக் குடேன்” என்றாள் அக்கா.

நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. விடுவேனா? மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்பது வாட் கரண்ட் தின்கிற பெட்டியா, ஆறு வாட்டா? ஃபேன் இருப்பதா, இல்லாததா? கேபிள் செருக ஒரு துளை போதுமா, இரண்டு வேண்டுமா?

“பொண்ணு பாக்கும்போதுகூட நீ இவ்வளவு யோசிக்கலையேடா” என்றாள். கடைசியில் உள்ளங்கையில் அடங்குகிற ஆறு வாட் பெட்டி ஒன்றை வாங்கினேன். பெருமை பிடிபடாமல் எடுத்துக்கொண்டு போனேன்.

நெட்வொர்க் வழியாக நகலெடுத்தால் ஒரு நாள் இழுக்கும். எனக்கு ஏது அந்தப் பொறுமை? கதைகள் பதிந்திருந்த டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினால் பத்து நிமிஷத்தில் முடிந்தது வேலை. பிளக்கைப் பிடுங்குகிற முரடன் இல்லை நான். முறைப்படி ஷட்டவுன் கொடுத்துத்தான் கழற்றினேன்.

புதுப் பெட்டி பாஸ்வேர்டு கேட்டது.

மனுஷன் டிஸ்க்கையே பூட்டி வைத்திருக்கிறார். மெஷின் ஓடுகிறவரை பூட்டு திறந்தே கிடக்கும். ஒருமுறை நிறுத்திவிட்டால், திறக்க அவருடைய பாஸ்வேர்டு வேண்டும். கரண்ட் போனால்கூட நிற்காதபடி பேட்டரி வைத்திருந்தார். அவர் போன நாளிலிருந்து அது நிற்கவே இல்லை. பழைய கம்ப்யூட்டரிலேயே திரும்ப மாட்டிப் பார்த்தேன். அதுவும் அதையேதான் கேட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட டிஸ்க்குக்குப் பூட்டு உண்டா என்றுதான் முதலில் பார்ப்பான். நான் வாட் பார்த்தேன், துளை எண்ணினேன். மடையன்.

அக்கா கல்யாண நாளைப் போட்டாள். மகள் பெயர், வண்டி நம்பர், அவர் அம்மா பெயர் எல்லாம் போட்டாள். எதுவும் திறக்கவில்லை.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பாருடா. எங்கிட்ட எதை மறைச்சாரு? நான்தான் கேக்கல” என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

சாயங்காலம் அக்கா மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையை வீசிவிட்டுப் போனைத் திறந்தாள்.

“அப்பா கதை வரலையேம்மா.” பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “பரவால்ல, மாமா இருக்காரே, சரி பண்ணிடுவாரு” என்று என் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்ல வேண்டியவன் நான்தான்.

“இனிமே வராதும்மா” என்றேன். “மாமாதான் ஆஃப் பண்ணிட்டேன்.”