ஆற்று முகத்தில் கறுப்புப் பனி

மனித குலத்தில் பயம் என்கிற உணர்ச்சியை முழுமையாகக் கைவிட்ட முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். மான்ட்ரியாலில் படித்த மூன்று வருடமும் கல்லூரிப் பத்திரிகையில் கடவுள், தேர்வு, கேன்டீன் சூப் என்று ஒன்று விடாமல் கிண்டல் செய்து எழுதியதில், கிண்டல் செய்யப்பட்ட எதுவும் திரும்ப வந்து பயமுறுத்துவதில்லை என்று கண்டுபிடித்தேன். இந்தக் கண்டுபிடிப்போடு அக்டோபரில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள எங்கள் இனுயிட் பழங்குடிக் கிராமத்துக்குத் திரும்பினேன். ஊர் நன்றி சொல்லவில்லை.

ஊருக்கு வேறு வேலை இருந்தது. போன வசந்தத்தில், தாங்களே உயிரை மாய்த்துக்கொண்ட இரண்டு பையன்களைப் புதைத்திருந்தோம். தெற்கிலிருந்து விமானத்தில் வந்த ஆலோசகர், சோகத்துக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு, வானிலை கெடுவதற்குள் கிளம்பிப் போனார். என் பெரியப்பா மகள் அக்கினிசி எண் எதுவும் கேட்கவில்லை. வேட்டைக்குப் போனவர்களோடு பேச எங்கள் எல்லாச் சமையலறையிலும் கைரேடியோ உண்டு. தினமும் பகல் பன்னிரண்டுக்கு இளசுகள் அதை எடுத்து, அன்று வெளியே பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். மனதைப் பற்றி அல்ல. காற்று, பனி, பறவை. வேட்டைக்காரர்கள் உயிரோடிருப்பதைத் தெரிவித்துக்கொள்வது அப்படித்தான். கேட்டவர்கள் பதில் பேசக் கூடாது, பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும். அந்தக் 'க்ளிக்' தான் பதில். அரை மணிக்குள் ஒருவன் குரல் வராவிட்டால் போலீஸ் போகாது, நர்ஸ் போகமாட்டார். அவனை முறை சொல்லிக் கூப்பிடுகிறவர் போக வேண்டும். போய்க் கேள்வி கேட்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

"ஆமான்னா புருவத்தத் தூக்குவோம், இல்லன்னா மூக்கைச் சுருக்குவோம். வாயே தொறக்காம குடும்பம் நடத்துற ஜனங்க நாம. நம்மள ரேடியோவுல பேசவைக்கிறியா?" என்றேன்.

அக்கினிசி மூக்கைச் சுருக்கினாள். பிறகு, "உன்ன வாய மூடவைக்கத்தான் வழி தேடிட்டிருக்கேன்" என்றாள்.

என் அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. என்னைவிட மூன்று வயது இளையவர். என்னைப் பெற்ற அப்பா தாமுசி, எனக்கு இரண்டரை வயதிருக்கும்போது புதிதாக உறைந்த கடல்பனியில் வலை பார்க்கப் போய்த் திரும்பவில்லை. அடுத்த மாதம் பக்கத்து வீட்டில் பிறந்த பையனுக்குத் தாமுசி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளே வந்தமாதிரி எங்களுக்கு. அதனால் அம்மா அவனை "இந்தாங்க" என்பாள். நான் "அப்பா" என்பேன். அவன் என்னை "மகனே" என்பான், முக்கியமாகச் சிகரெட் தேவைப்படும்போது.

வசந்தத்தில் புதைத்த இருவரில் ஒருவன் அவனுடைய அண்ணன். அதற்குப் பிறகு அவன் சிகரெட் கேட்பதையும் நிறுத்தியிருந்தான். ரேடியோவில் மட்டும், ஒரு வாரமாக, இழுத்து இழுத்து ஒரே செய்தி: "ஆத்து முகத்துல பனி கறுப்பா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

செவ்வாய்க்கிழமை அவன் முடித்த கையோடு நான் பொத்தானை அழுத்தி, அவன் குரலிலேயே, "என் தட்டுல ரொட்டி கறுப்பா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். க்ளிக், க்ளிக் என்று ஊரே கைதட்டியது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி அது.

புதன்கிழமை பன்னிரண்டரை ஆயிற்று. அவன் பேசவில்லை.

அம்மா ஜன்னலுக்கு நேராக நின்றிருந்தாள். "அவரு இன்னும் பேசல" என்றாள். இருபது வருடத்துக்கு முன்னாலும் அதே ஜன்னலில் நின்று அதையேதான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது.

ரேடியோவில் அக்கினிசி வந்தாள். "ஐபிலி, உன் அப்பா. நீதான் போகணும்."

"நான் நேத்து..."

"நேத்து நீ பண்ணது ஊருக்கே தெரியும். போடா."

தாமுசியின் வீட்டில் அவன் அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். காலையிலேயே போய்விட்டான் என்றாள். மேஜைமேல் அவனுடைய ரேடியோ இருந்தது. எங்கள் ஊரில் கையுறையை மறந்து போகிறவன் உண்டு. ரேடியோவை விட்டுவிட்டுப் போகிறவன் கிடையாது. அதை அவளும் பார்த்திருந்தாள் போல. பிசைவதை நிறுத்தவே இல்லை. நான் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

காலடிகள் கடலோரம் போய், அங்கிருந்து உறைந்த கடலின் பனிமேல் ஏறி, ஆற்று முகத்தைப் பார்த்து நடந்திருந்தன. ஒரு ஜோடி, போனது மட்டும். ஏதாவது கிண்டலாக நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. வெள்ளைப் பனி தாங்கும், சாம்பல் நிறம் யோசிக்கும். கறுப்பு என்றால் மெலிசு, அடியிலேயே தண்ணீர். எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குத் தெரியும் அது. ஒரு வாரமாக அவன் தான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பட்டப்பகலில் ஊருக்கே சொல்லியிருக்கிறான். நான் அதற்கு மெட்டுப் போட்டிருக்கிறேன்.

வெள்ளை முடிகிற இடத்தில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் அவன் உட்கார்ந்திருந்தான். தூண்டில் இல்லை. காலுக்கு இரண்டடி முன்னால் கறுப்பு தொடங்கியது. என் கால் வைத்த இடத்தில் பனி முனகியது. குப்புறப் படுத்து ஊர்ந்தேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "என்ன மகனே, கடல்நாய் மாதிரி வர்ற?"

இன்னும் ஊர்ந்து, வாளிக்கு ஓர் ஆள் நீளம் பின்னால் நின்றேன்.

"நேத்து நல்லாத்தான் பேசுன" என்றான். "இப்பல்லாம் என் குரல் எனக்கே அப்படித்தான் கேக்குது."

ஏன் வந்தாய், என்ன செய்யப் போகிறாய், எழுந்து வருவாயா: எல்லாமே கேட்கக் கூடாத கேள்விகள். ரேடியோவை எடுத்தேன். கையுறையோடு பொத்தானை அழுத்த முடியாது, கழற்றினேன்.

"ஐபிலி பேசுறேன். இன்னிக்குப் பாத்தது." மூச்சு வாங்கியது. "எங்க கூரைமேல ஒரு காக்கா. காத்து வடக்கேர்ந்து. கரையிலேர்ந்து ஒத்தை ஆளு காலடி. ஆத்து முகத்துல பனி கறுப்பா இருக்கு. என் கை நடுங்குது, அதையும் பாத்தேன். வேற ஒண்ணும் இல்ல."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு க்ளிக். இன்னொன்று. ஒன்று மட்டும் நீளமாக அழுந்தியது. அம்மா எப்போதும் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறப்பாள்.

படுத்தபடியே கையை நீட்டி ரேடியோவை அவன் பக்கம் தள்ளினேன். அது சறுக்கிப் போய் அவன் காலடியில், வெள்ளை விளிம்பில் நின்றது. அவன் அதையே பார்த்தான். புருவம் உயரவில்லை, மூக்கும் சுருங்கவில்லை. வலது கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து, மெல்ல இழுக்கத் தொடங்கினான். ரேடியோவில் க்ளிக்குகள் விழுந்துகொண்டே இருந்தன.