பெரட்டு மாத்திரை

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் இருளாயி டாக்டருக்காகக் காத்திருந்தாள். வயிறு பானையாக முன்னால் நின்றது. கைகால் மட்டும் குச்சி. போன வாரம் ரப்பர் தோட்டத்துப் பால்மரத்தடியில் ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்தவளை லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். திருட்டுத்தனமாகச் சம்சுச் சாராயம் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டாள் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் உடையப்பன் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். சம்சு வாடையே ஆகாதவள் அவள். புருஷன் ராமையாவும் அதை நம்பி, மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

டாக்டர் சிவானந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடமும் கூட வந்திருந்த ராமையாவிடமும் நிதானமாகச் சொன்னார். ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. ஈரல் இன்னும் இறுகிப்போகவில்லை. இப்போதே அறுத்து, ஈரலுக்குப் போகும் பெரிய குழாயைப் பக்கத்துப் பெரிய குழாயோடு சேர்த்துத் தைத்தால், தேங்கிய ரத்தம் அந்த வழியாக இறங்கிவிடும். தள்ளிப்போட்டால் ஆள் தங்காது. ராமையா தோட்டத்தில் கான் வெட்டுகிறவன். ஒரு கான் அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வெட்டி மழைத்தண்ணீரை விடுவது அவன் பிழைப்பு. சட்டென்று புரிந்துகொண்டான்.

"அப்ப குடியில்லையா, ஐயா?"

"குடியில்லை" என்ற சிவானந்தன் இருளாயியிடம் திரும்பினார். "நீங்கள் ஏதும் குளிசை எடுக்கிறனீங்களோ?"

"பெரட்டுல டிரெசர் குடுக்கிற மாத்திரைதான், ஐயா. புள்ள தங்காம இருக்கிறதுக்கு."

மலேரியாவுக்கு மாத்திரை கொடுத்த காலத்திலிருந்து தோட்டத்தில் வந்த பழக்கம் அது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்று, கொடுத்ததை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் அன்றைக்கு வேலைக்குப் பேர் விழும். உடம்புக்கு ஆகுமா என்று யாரும் கேட்டதில்லை.

ரத்தம் உறைய அதுவும் காரணமாக இருக்கலாம், இனி அதைத் தொடவே கூடாது என்றார் சிவானந்தன்.

அறுவை பலித்தது. வயிறு வடிந்தது. கட்டிலோரம் நின்ற ராமையா அவள் காலைப் பிடித்துக்கொண்டு மனம் விட்டு அழுதான்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது இருளாயி பால் வெட்டும் மர நிரை ராமையாவின் தங்கை பாப்பாவுக்குப் போயிருந்தது. லேசான வேலை ஏதாவது கேட்கலாமென்று இருளாயி பெரட்டுக்குப் போனாள். போனவள் முதலில் டாக்டர் சொன்னதைத்தான் டிரெசரிடம் சொன்னாள்.

"ஒனக்கு ஒத்துக்கல. அதுக்கு மத்தவங்களுக்குக் குடுக்காம இருக்க முடியுமா?" என்றார் உடையப்பன்.

வரிசையில் அடுத்து பாப்பா நின்றாள். இருளாயி அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம் பாப்பா. நான் பட்டது போதும்."

பாப்பா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"முழுங்கலன்னா பேரு போட மாட்டாங்க, அண்ணி."

விழுங்கினாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். உடையப்பன் டார்ச்சை அடித்துப் பார்த்துத் தலையாட்டினார். வெளிச்சம் அடுத்தவள் வாய்க்கு நகர்ந்தது.