பட்டுவுக்கு மூன்றாவது அறை

முயல் என்றால் வெள்ளைப் பஞ்சு, சிவப்புக் கண் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை அதன் கூண்டுக்குப் பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். ரத்தினம் நின்றான். நின்ற வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டான். கூண்டின் மரச்சட்டங்களில் முயல் மூத்திரம் சுண்ணாம்பு அடித்த மாதிரி காய்ந்து ஏடு கட்டியிருந்தது. கம்பி வலையின் கண்கள் முழுக்கப் புழுக்கை. அதன்மேல் அழுகிப்போன முட்டைகோஸ் இலை, இலையின் மேல் ஈ. கண்ணில் தண்ணீர் வரவழைக்கிற ஒரு காரநெடி வேறு. காலையில் பெண்டாட்டி கோவிந்தம்மா கொடுத்த கூழ் தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கூண்டு இருந்தது ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, வெங்கட்ரமணன் வீட்டுக் கிணற்றடியில். வெங்கட்ரமணன், ரத்தினம் வேலை செய்த கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரகடம் போகிற வழியில் இருந்த அந்தக் கம்பெனியில் வண்டிகளுக்கான தகடுகளை அடித்து வளைத்து, வெல்டிங் வைத்து அனுப்புவார்கள். ரத்தினம் வெல்டர். வெல்டர் என்றால் கம்பெனி வெல்டர் இல்லை, டெம்பரவரி. அந்த ஒரு சொல்லுக்குள்தான் அவன் சோறு, துணி, மானம் எல்லாம் அடக்கம்.

இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவனை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தால் அதற்கு ஒரு சந்து இல்லாமலா போகும்? நானூற்று எழுபத்தைந்தாவது நாள் சாயங்காலம் டைம் ஆபீசில் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ‘பிரேக்’ என்று அதற்கு ஒரு மரியாதையான பெயர். பிரேக் முடிந்து யாரைக் கூப்பிட்டு நிரந்தரம் ஆக்குவது, யாரை அப்படியே மறந்துவிடுவது என்பதெல்லாம் ஒரு லிஸ்டில் இருக்கும். அந்த லிஸ்டை எழுதுவது வெங்கட்ரமணன் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். ரத்தினத்தின் கார்டை வெள்ளிக்கிழமை பிடுங்கினார்கள். கேட்டுக்கு வெளியே வந்து சைக்கிளை எடுத்தவனை வெங்கட்ரமணனே கைதட்டிக் கூப்பிட்டார்.

“ரத்தினம், மூணு நாள் சும்மாத்தானே இருக்கப் போறே? நம்மாத்துல பொண்ணு ப்ரீதியோட முயல் பட்டுவுக்கு எடம் பத்தலை. கூண்டைக் கொஞ்சம் நீட்டிக் குடுத்துடேன்.”

தண்டலத்துக்குப் பக்கத்தில் இருந்த அவன் வீட்டில் அன்றைக்குப் பண்டிகை மாதிரிதான். கோவிந்தம்மா அடுப்பை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். “சாரே கூப்ட்டாரா? அப்ப லிஸ்ட்ல உம்பேரு கீதுன்னு அர்த்தம். போய் நல்லா செஞ்சி குடு. மொயலு, கூண்டுன்னு மூஞ்சக் காட்டிக்கினு நிக்காத.”

அவள் தம்பி செந்தமிழன் வாசற்படியில் உட்கார்ந்து பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தான். அவனையும் அதே கம்பெனியில், அதே லைனில் சேர்த்துவிட்டது ரத்தினம்தான். கையைப் பிடித்து வெல்டிங் பழக்கியதும் அவனே. “உனுக்கு அட்சிது மாமா,” என்றான். “வூட்டுக்கே கூப்புட்றாருன்னா சும்மாவா?”

அந்த அடித்த அதிர்ஷ்டம்தான் இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வைத்திருக்கிறது.

கூண்டில் மூன்று பகுதி இருந்தது. முதலில் ஒரு மரப்பெட்டி. அதன் பக்கவாட்டில் இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, கம்பி வலை போட்டு ஒட்டவைத்த ஓர் அறை. அதற்குப் பக்கத்தில் அதேபோல் இன்னொன்று. இரண்டும் கையகல அறைகள். உள்ளே இருந்த முயலோ வளர்ந்து பூசணிக்காய் ஆகியிருந்தது. காதைத் தூக்கினால் மேலே வலை இடிக்கும் என்று அதைக் கழுத்தோடு மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தது. வலைமேலேயே உட்கார்ந்து உட்கார்ந்து பின்னங்கால் இரண்டிலும் மயிர் உதிர்ந்து, சிவந்து, புண். அந்தப் புண்ணைப் பார்த்ததும் ரத்தினத்துக்கு முயல்மேல் இருந்த அருவருப்பு போய், வீட்டுக்காரர்மேல் வந்தது. ஆசைக்கு வாங்கி வைத்தவர் கீழே ஒரு பலகை போடக் கூடாதா?

ஆங்கிள், வலை, வெல்டிங் மெஷின் எல்லாம் கம்பெனி வேனில் வந்து இறங்கின. புத்தம்புது ஆங்கிள். கேட் பாஸில் ‘ஸ்கிராப்’ என்று எழுதியிருந்தது. போன வாரம் ஒரு கைப்பிடி வெல்டிங் ராடைப் பையில் வைத்திருந்தான் என்று ஒரு ஹெல்பரை இதே வெங்கட்ரமணன் கேட்டில் எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றி உதறச் சொன்னார். அது ஞாபகம் வந்தது. ஞாபகத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு ரத்தினம் வேலையில் இறங்கினான். அவனுக்கு வேண்டியது லிஸ்டில் ஒரு பெயர். ஊரில் யார் யோக்கியன் என்று கணக்கெடுக்க அவன் வரவில்லை.

முதல் நாள் முழுக்கச் சுரண்டல்தான். கத்தியால் மூத்திர ஏட்டைச் சுரண்டச் சுரண்ட அது பொடியாகி வியர்வையில் ஒட்டிக்கொண்டது. தெருவோடு போன ஒரு அம்பாசடர் கிணற்றடி வேலிப் பக்கம் நின்று, “மே மாசம் குண்டு வெடிச்ச எடம் எந்தப் பக்கம்?” என்று அவனிடம் வழி கேட்டது. இந்த ஊர்க்காரன் யாராக இருந்தாலும் இப்போது அதைக் காட்டித்தான் ஆக வேண்டும். கத்தியாலேயே காட்டினான். காரில் இருந்த அம்மாள் அவன் கையைப் பார்த்துவிட்டு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

வெங்கட்ரமணனின் மனைவி குமுதவல்லி நல்ல மாதிரி. மத்தியானம் வாழை இலை போட்டு, நெய் விட்டுச் சோறு போட்டாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் அந்த வாடை இருந்தது. பருப்பு சாதத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் வாடைதான் முதலில் போயிற்று. பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தவனிடம், “என்னப்பா, நம்மாத்துச் சாப்பாடு பிடிக்கலையா?” என்று அவள் கேட்டபோது, வயிறு சரியில்லை என்று பொய் சொன்னான்.

இரண்டாம் நாள் ஆங்கிளை அறுத்து, பழைய கூண்டோடு புதிய சட்டத்தைச் சேர்க்கக் குனிந்தபோதுதான் பழைய வெல்டிங்குகளை நன்றாகப் பார்த்தான். இரண்டு அறையும் இரண்டு பேர் கை. ஒன்றில் மூலைக்கு மூலை உருண்டை உருண்டையாகக் கசிந்து உறைந்திருந்தது, அவசரக்காரன். இன்னொன்று அப்படியே மீன் செதிள். ஒரே சீராக, ஒரு மூச்சில் இழுத்த ஓட்டம். ஓட்டம் முடிகிற இடத்தில் ராடைச் சட்டென்று எடுக்காமல் இடதுபக்கம் ஒரு சின்ன சுழி. வெல்டரின் கையெழுத்து அது. லைனில் நூறு பீஸைக் கலந்து போட்டாலும் இது யார் வைத்தது என்று இன்னொரு வெல்டர் சொல்லிவிடுவான். இந்தச் சுழியை ரத்தினம் எங்கோ பார்த்திருக்கிறான். இருக்காது என்று கசடைத் தட்டி எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த ப்ரீதி, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் கிணற்றடிக்கு ஓடிவந்தாள். எட்டு வயசுப் பெண். புது அறை ஆறடி நீளம். முயல் பின்னங்காலில் எழுந்து நிற்கிற உயரம். கீழே வலை போடாமல் இழைத்த பலகை போட்டிருந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகப் போட்டது. அதைப் பார்த்து அவள் குதித்தாள்.

“அங்கிள், உங்க பேர் என்ன?”

“ரத்தினம் பாப்பா.”

“அப்போ இது ரத்தினம் ரூம்.” அவள் பழைய அறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். “இது அண்ணாதுரை ரூம். இது நரசிம்மன் ரூம். யார் கட்டறாளோ அவா பேர்தான் வைப்போம் நானும் பட்டுவும்.”

ரத்தினத்தின் கையில் இருந்த சுத்தியல் அப்படியே நின்றது.

“எந்த நரசிம்மன் பாப்பா?”

“அப்பா கம்பெனி நரசிம்மன் அங்கிள். போன வருஷம் வந்தாரே. மூணு நாள் வந்தார். அப்புறம் வரவே இல்லை. அதுக்கு முந்தின வருஷம் அண்ணாதுரை அங்கிள். அவரும் வரலை.”

சுழி யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது. நரசிம்மன் லைனிலேயே நல்ல கை. பிரேக்கில் போனவனை மறுபடி கூப்பிடவே இல்லை. அவன் யூனியன் ஆட்களோடு டீ குடித்தான், அதனால்தான் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அண்ணாதுரை குடிகாரன் என்றார்கள். யார் சொல்லி அந்தப் பேச்சு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ரத்தினமும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா? டீக்கடையில் உட்கார்ந்து, “அவனுக்குத் திமிரு, அதான் தூக்கிட்டாங்கோ,” என்று இவனே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறான். நரசிம்மன் இன்று படப்பையில் வீட்டுமனைகளுக்குக் கல் நட்டுக்கொண்டிருக்கிறான்.

லிஸ்டாவது, மண்ணாவது. பிரேக்கில் போகிறவனுக்கு ஆசை காட்டினால் மூன்று நாள் காசில்லாமல் வேலை நடக்கும். வேலை முடிந்ததும் அவன் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கும், ஆகவே கூப்பிடாமல் விட்டுவிடுவது. வருஷத்துக்கு ஓர் ஆள், முயலுக்கு ஓர் அறை. சூப்பர்வைசர் வீட்டுக்குக் கூப்பிட்டால் வேலை நிச்சயம் என்று நம்பி, வீட்டில் பெண்டாட்டி சாமிக்கு விளக்கு வேறு ஏற்றி வைக்கிறாள். ரத்தினத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு நாளாக மூக்கில் ஏறியிருந்த நெடி இப்போது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

சுத்தியலைக் கிணற்றில் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். மானமுள்ளவன் அதைத்தான் செய்வான். ரத்தினம் என்ன செய்தான் தெரியுமா? ‘ஒருவேளை நரசிம்மன் நிஜமாகவே யூனியன்காரனாக இருந்திருக்கலாம், அண்ணாதுரை குடித்திருக்கவும் கூடும், நான் அப்படி இல்லையே,’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது. தெரிந்தும், கதவுக்குக் கீல் வைத்து, கொக்கி வைத்து, கூர்முனை எதுவும் முயலைக் கிழிக்காதபடி அரம் போட்டுத் தேய்த்து, வேலையை ஒழுங்காக முடித்தான்.

ஆறு மணிக்கு வெங்கட்ரமணன் வந்தார். ப்ரீதி முயலைப் புது அறைக்குள் விட்டாள். அது முதலில் பயந்து மூலையில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு தாவு. இன்னொரு தாவு. ஆறடியின் கடைசிக்குப் போய், இரண்டு காலில் எழுந்து, காதை நிமிர்த்தியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

“பேஷ்! நீதாம்பா வேலைக்காரன்,” என்றார் வெங்கட்ரமணன்.

“சார்,” என்றான் ரத்தினம். “நம்ம விசயம்... லிஸ்ட்ல பேரு கீதா சார்?”

அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. அவ்வளவு பழக்கம். “லிஸ்ட் மேலே போயிருக்கு. நான் சொல்லியிருக்கேன். ஆள் அனுப்பறேன், அதுவரைக்கும் நீ கேட்டுக்கு வந்து நிக்காதே, பார்க்கறவா தப்பா நினைப்பா.” பிறகு கூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ப்ரீதி இன்னொரு முயல் கேக்கறா. ஜோடியா இருந்தா மேலே ஒரு தட்டு போடணும். உங்க லைன்ல அடுத்தது யாருக்குப்பா பிரேக் வருது? வெல்டிங் நன்னாத் தெரிஞ்சவனாப் பார்த்துச் சொல்லு.”

எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. தெரியாது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால், ஒருவேளை இந்த ஒரு உதவியையும் செய்தால் மேலே போன லிஸ்டில் தன் பெயர் ஒட்டிக்கொள்ளுமோ என்று உள்ளே ஒன்று வாலாட்டியது. வாய் அதன் பேச்சைக் கேட்டது.

“செந்தமிழன் சார். நம்ம மச்சான்தான். ஐப்பசில முடியுது. நல்ல கை சார்.”

வெங்கட்ரமணன் சட்டைப்பையில் இருந்து குட்டி டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனபோது அக்காவும் தம்பியும் வாசலிலேயே காத்திருந்தார்கள். “இன்னா சொன்னாரு?” என்று கோவிந்தம்மா சைக்கிளைப் பிடித்தாள். பார்த்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு மடங்கிக்கொண்டது.

“ஆள் அனுப்புறேன்னாரு. நல்ல மனுசன்.” செந்தமிழனைப் பார்க்காமல் மற்றதையும் சொன்னான். “உன்னப் பத்தியும் சொல்லி வெச்சிக்கீறேன். உனுக்குப் பிரேக் வர சொல்லோ கூப்புடுவாரு.”

செந்தமிழன் அப்படியே வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “மாமா! கூடப் பொறந்தவங்கூட இத்தச் செய்ய மாட்டான் மாமா!” பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. ரத்தினம் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான், அவன் விடவில்லை.

“மொயலுக்கு இன்னா மாமா புடிக்கும்? போ சொல்லோ வெறுங்கையோட போவக் கூடாதில்ல.”

“கேரட்டு,” என்றான் ரத்தினம்.