நீதிபதியின் கனைப்பு

மகன் வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்கிறான் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி வாடகைக் காரில் ஆராய்ச்சி மருத்துவமனைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். சொந்தக் காரில் வந்தால் பார்த்தவன் வாய் சும்மா இருக்காது. குடும்பப் பெயர் விஷயத்தில் அவர் இம்மியும் விட்டுக்கொடுத்தவர் அல்லர்.

குளியலறைத் தரையில் மூக்கில் ரத்தம் ஒழுக மகன் சுருண்டு கிடந்த அன்றுதான் 'கொக்கைன்' என்ற சொல் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. அதன் பிறகும் ஒருமுறை அந்தப் பொடிக்கே திரும்பப் போய்விட்டான். இனி ஒரு தடவை இழுத்தால் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பழக்கத்தை நிறுத்த நம்பிக் கொடுக்கும்படி மாத்திரை எதுவும் இல்லை என்றும் சொன்னார்கள். மிச்சமிருந்தது இந்த மருத்துவமனையின் புதுச் சிகிச்சை ஆய்வு ஒன்றுதான். அதிலும் மகன் ஏற்கெனவே ஒருமுறை பாதியில் எழுந்து ஓடியிருந்தான். மறுபடியும் ஓடினால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அன்று அறைக்குள் மகனை நாற்காலியில் உட்காரவைத்து, விரல்களில் உடம்பின் பதற்றத்தை அளக்கும் கிளிப் மாட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு தட்டு. அதில் கண்ணாடித் துண்டு, சுருட்டிய காகிதம், பார்த்தால் அசல் என்றே தோன்றும் வெறும் சர்க்கரைப் பொடி. பொடியைப் பார்த்து உடம்பு தவிக்க வேண்டும். தவிப்பு தானாக இறங்கும்வரை ஆள் அசையாமல் உட்கார வேண்டும். அதுதான் சிகிச்சை. ஆனால் திரையில் ஓடிய கோடு மதிய உறக்கத்தில் இருந்தது.

"பொடி மேல இவருக்கு ஆசையே இல்ல போலருக்கே," என்றார் ஆய்வு டாக்டர். இளம்பெண்.

நடைபாதையில் காத்திருந்து அலுத்துப்போன நீதிபதி எழுந்தார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் தொண்டையைக் கனைப்பது அவர் வழக்கம். அந்தக் கனைப்புக்கு நீதிமன்றமே எழுந்து நின்றிருக்கிறது. கதவருகே நின்று கனைத்தார்.

கோடு சுவரேறிக் குதிக்கும் பூனைபோல் துள்ளியது.

டாக்டர் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. திரும்பி, "சார், இன்னொரு தடவ கனைங்க," என்றார்.

"என்னம்மா, விளையாட்டா?"

"அவர வெளிய போகச் சொல்லுங்க," என்றான் மகன். நெற்றி வேர்த்திருந்தது.

"ஏன்? சொல்லுங்க," என்றார் டாக்டர்.

மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வீட்டுக்குள்ள வரும்போதே கனைப்பார். அம்மா டிவிய நிறுத்திடுவாங்க. நான் பாத்ரூமுக்குப் போய் ஒரு இழுப்பு இழுத்துட்டுதான் அவர் முன்னாடி வந்து நிப்பேன். அப்பதான் கால் நடுங்காது."

நீதிபதிக்கு முகம் சிவந்தது. "தப்பு நீ பண்ணிட்டு, பழிய என் தலையில கட்டுறியா?"

"பழி இல்ல சார்," டாக்டர் குறுக்கிட்டார். "வாங்கினது அவர், இழுத்ததும் அவர். ஆனா உங்க சத்தம் வந்தா அடுத்து பொடி வரும்னு உடம்பு பாடம் படிச்சிருச்சு. இப்ப சத்தம் மட்டும் வரணும், அது வரக்கூடாது. தவிப்பு இறங்கற வரைக்கும் இவர் இங்கயே இருக்கணும். நடுவுல ஓடினா ஓடறதத்தான் உடம்பு படிக்கும்."

"அப்போ அந்தத் தட்டுக்குப் பதிலா நான்?"

"ஆமா சார். ஒரே ஒரு தடவ கனைங்க. அப்புறம் நான் சொல்ற வரைக்கும் சத்தமே வரக்கூடாது. இடையில வந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

வாயை மூடு என்று அவரிடம் சொன்னவர்கள் யாரும் இல்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். மகனின் கழுத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்து கனைத்தார்.

கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. மகன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கினான். பல்லைக் கடித்தான். கால் தனியாகத் தாளம் போட்டது.

"தவிப்பு நூத்துக்கு எவ்வளவு?" என்று டாக்டர் கேட்டார்.

"தொண்ணூறு. இல்ல, அதுக்கும் மேல. விடுங்க, நான் போறேன்."

கிளிப்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தான். கதவு பூட்டியிருக்கவில்லை, பூட்டக்கூடாது என்பது ஆய்வின் விதி. நாலு எட்டில் போய்க் கைப்பிடியைப் பிடித்தான்.

'உக்காருடா' என்ற சொல் நீதிபதியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பலித்த சொல். அதைச் சொன்னால் மகன் உட்காருவான். ஆனால் கட்டளைக்குப் பயந்து உட்கார்ந்தால் உடம்பு படிப்பது பழைய பாடத்தைத்தான். சொல்லை விழுங்கினார். விழுங்கிய இடத்தில் தொண்டை அரிக்கத் தொடங்கியது. யாரோ இறகால் உள்ளே வருடுவது போலிருந்தது. ஒரே ஒரு கனைப்பு, அரை நொடி, தீர்ந்துவிடும். கூடாது. எச்சிலைக் கூட்டி விழுங்கினார். அரிப்பு இரண்டு மடங்கானது. கண்ணில் நீர் கோத்தது. வேறெதையும் நினைக்க முடியவில்லை. சுவர், டாக்டர், குடும்பப் பெயர் எல்லாம் மறைந்துபோய்த் தொண்டை மட்டும் இருந்தது.

இப்படித்தான் இருக்குமா இவனுக்கு?

கதவு விரலளவு திறந்தது. நடைபாதைக் காற்று உள்ளே வந்தது.

அறையின் அமைதி மகனுக்கே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். அதட்டல் வரவில்லை, தரையைத் தட்டும் செருப்புச் சத்தமும் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு, முகம் கத்திரிக்காய் நிறமாகி, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

கதவிலிருந்து கை நழுவியது. மகன் அங்கேயே நின்றான். பெருமூச்சுகள் நீண்டு நீண்டு வந்து, மெல்லச் சிறுத்தன. அவனாகவே வந்து உட்கார்ந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டான். திரையில் கோடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

"நாப்பது," என்றான் டாக்டரிடம். பிறகு எதிரே பார்த்தான்.

"கனைச்சிடுங்கப்பா, உயிர் போயிடப் போகுது. நான் ஓடல."

நீதிபதி டாக்டரைப் பார்த்தார், அனுமதிக்காக.