விருப்பமிருந்தால் ஒரு வரி

ஒரே ஒரு சொல்லை எழுதாமல் விடுவதற்கு அனுமதி வாங்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. எட்டு மாதத்தில் ஒரு வீட்டையே கட்டி ஓடு வேய்ந்து குடியேறியிருக்கலாம்.

அந்தச் சொல் 'கிவெத்தே'. எங்கள் லுகாண்டா மொழியில் 'முடிந்தது' என்று அர்த்தம். எங்கள் ஏரி எச்சரிக்கை நிலையத்தில் ஞான்ஜா என்ற சின்னதொரு நிரல் மொழி ஓடிக்கொண்டிருக்கிறது. கரையில் உள்ள ஒவ்வொரு படகுத்துறைக்கும் அதில் ஒரு கோப்பு. காற்று இத்தனையைத் தாண்டினால் இதைச் செய், மேற்கே கருமேகம் இருந்தால் அதைச் செய் என்று அந்தந்தத் துறையின் கண்காணிப்பாளரே எழுதிவைப்பார். கணினி அதைப் படித்து மீனவர்களின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும். எழுதுகிற ஒவ்வொரு 'என்றால்' முடியும்போதும் ஒரு கிவெத்தே போட்டு மூட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கோப்பு முழுவதும் படுத்துக்கொள்ளும்.

விட்டுப்போகாமல் என்ன செய்யும்? படகுத்துறையில் நின்றுகொண்டு, மீன் செதில் ஒட்டிய கட்டைவிரலால், கீறல் விழுந்த கைபேசியில் தட்டுகிறார்கள். வாரத்துக்கு நான்கு அழைப்பாவது எனக்கு வரும். ஞான்ஜாவைப் பராமரிக்கிற ஒரே ஆள் நான்தான். அதிகமாக அழைப்பவள் கிசாவா துறையின் நக்காபுகோ.

"பிருங்கி, மறுபடி என் ஃபைல் திறக்க மாட்டேங்குது."

"எத்தனை கிவெத்தே போட்டே?"

"போட்டேன்டீ, கை வலிக்கப் போட்டேன்! எண்ணிப் பாக்க நான் என்ன வாத்தியாரா?"

அதனால்தான் இந்த யோசனை. வரியை உள்ளே தள்ளி எழுதினால் அது மேலே உள்ள நிபந்தனைக்குள் அடங்கியது. வெளியே இழுத்து எழுதினால் நிபந்தனை முடிந்தது. கிவெத்தேக்கு வேலையே இல்லை. இதை எடுத்துக்கொண்டு எங்கள் தலைவரிடம் போனேன். இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் என்பதால் எல்லாருக்கும் அவர் சலோங்கோ. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு நாங்கள் பெண்கள் எல்லாரும் 'ஞாபோ', அதாவது அம்மணி.

"நடக்காது ஞாபோ," என்றார் தேநீரில் கபலகலாப் பணியாரத்தை நனைத்தபடி. "முன்னூத்திப் பன்னெண்டு ஃபைல் இருக்கு. எழுதினவனுக்கே என்ன எழுதினோம்னு மறந்துபோச்சு. ஒருத்தன் வரியை உள்ள தள்ளியிருக்கான், ஒருத்தன் வெளிய தள்ளியிருக்கான், ஒருத்தன் பஸ்ஸுல உக்காந்து எழுதியிருக்கான். நீ பாட்டுக்கு உள்ள வெளியன்னு புதுசா அர்த்தம் சொன்னா, ஏரிக்குப் போனவன் உள்ளயே போயிடுவான்."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல். தப்பாகப் பேசுகிறவரோடு எட்டு மாதம் மோதலாம், சரியாகப் பேசுகிறவரோடு மோதினால் நம் தலைதான் வீங்கும்.

அதற்கும் வழி கண்டுபிடித்தேன். கோப்பின் மேலே 'புதுவழி' என்று ஒரு வரி எழுதினால் மட்டும் அந்தக் கோப்பைப் புது முறையில் படிக்கும். அந்த வரி இல்லாத கோப்பை எப்போதும்போலப் படிக்கும். வேண்டுமென்றவர் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாதவர் இருக்கிறபடி இருக்கட்டும். இரண்டு வருட வானிலைப் பதிவை முன்னூற்றுப் பன்னிரண்டு கோப்புகளிலும் ஓட்டினேன். பழைய விடையும் புதிய விடையும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் பொருந்தின.

அந்தக் காகிதக் கட்டைப் பார்த்தும் சலோங்கோ மசியவில்லை. கூட்டக் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் குடு."

எழுதினேன். 'பழைய கோப்பு ஒன்றாவது மாறி நடந்தால், ஒரே நாளில் இதை முழுவதுமாக எடுத்துவிடுகிறேன்.' கையெழுத்தும் போட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

நவம்பரில் வெளியிட்டோம். எவ்வளவு முயன்றும் பழைய முறையில் கோப்பு அமையாத இரண்டு தீவுகள் நக்காபுகோவின் பொறுப்பில் இருந்தன, அவற்றுக்குப் புது முறையில் எழுதினாள். கிசாவாவின் கோப்பை மட்டும் தொடவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதை எதற்கு நோண்டுகிறாய் என்று நான்தான் சொன்னேன்.

முதல் வாரமே அவளிடமிருந்து அழைப்பு.

"பழக்கதோஷத்துல என் கை தானா கிவெத்தே போட்டுருது. அதைப் பாத்துட்டு உன் மெஷின், ஏதோ நான் ஆட்டைத் திருடிட்ட மாதிரி கத்துது."

"புதுவழியில அது வேண்டாம்ல, அதான்."

"வேண்டாம்னா கண்டுக்காம போகச் சொல்லேன். கத்தினாத்தான் மரியாதையா?"

இன்னும் ஐந்து பேர் இதையே சொன்னார்கள். போனால் போகிறது என்று மாற்றினேன். புதுவழிக் கோப்பில் கிவெத்தே வந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். எல்லாருக்கும் சந்தோஷம். பிருங்கி நல்லவள் என்று பெயர் வாங்கினேன். புத்தாண்டுக்கு ஒரு மீன்கூட வந்தது.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மாத்தோக்கே வாழைக்காய் மசியலில் நிலக்கடலைக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. நக்காபுகோ.

"எச்சரிக்கை ஏன் வரலை?"

"எந்த எச்சரிக்கை?"

"பனங்கே! அடக் கடவுளே, இங்க கூரை பறக்குது, நீ எந்த எச்சரிக்கைன்னு கேக்கறே! நான் துணியைக் கட்டி ஆட்டி, தொண்டை கிழியக் கத்தி எல்லாரையும் நிறுத்தினேன். ரெண்டு படகு முன்னாடியே போயிடுச்சு. ஆறு பேர்டீ. ஆறு பேர்!"

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கிசாவாவின் அளவுமானி காற்று இருபத்தேழு என்று காட்டியது. இருபதைத் தாண்டினாலே செய்தி போக வேண்டும். கணினி காற்றைப் பார்த்திருக்கிறது, கோப்பைப் படித்திருக்கிறது, ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முதலில் என் கையால் எல்லாத் தீவுகளுக்கும் செய்தி அனுப்பினேன். மீட்புப் படகுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கோப்பைத் திறந்தேன்.

மேலே ஐந்து வரிகள். துறையின் பெயர், எண், கண்காணிப்பாளர் பெயர், தேதி. ஐந்தாவது வரி 'புதுவழி'.

என் வரி. கிசாவாவின் பழைய கோப்பில்.

அதற்குக் கீழே படித்துக்கொண்டே போனேன். காற்று இருபதைத் தாண்டினால் என்று ஒரு நிபந்தனை. அதற்குள்ளே, மேற்கில் கருமேகம் இருந்தால் சிவப்பு விளக்கு என்று இன்னொன்று. அதை ஒரு கிவெத்தே மூடுகிறது. பிறகு 'எல்லாருக்கும் செய்தி அனுப்பு'. பழைய முறையில் காற்று அடித்தாலே போதும், செய்தி போய்விடும். ஆனால் எழுதின புண்ணியவான் அந்த வரியைச் சிவப்பு விளக்குக்கு நேர் கீழே, அதே அளவு உள்ளே தள்ளி எழுதியிருந்தார். புதுவழி கிவெத்தேயைத் தாண்டிப்போனது, தள்ளலை மட்டும் பார்த்தது. கருமேகம் இருந்தால்தான் செய்தி என்று எடுத்துக்கொண்டது. அன்றைக்குக் காற்று தெற்கிலிருந்து வந்தது. மேற்கே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

மற்ற கோப்புகளைத் திறந்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டிலும் அந்த ஐந்தாவது வரி இருந்தது.

சலோங்கோவின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தேன்.

"எல்லா ஃபைல்லயும் அந்த வரியைப் போட்டது யாரு?"

"நான்தான்," என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ரெண்டு வாரம் முன்னாடி விருந்தாளிங்க வந்தாங்கல்ல? ஒரு ஃபைல்ல நாலு வரி, ஒரு ஃபைல்ல அஞ்சு வரி, பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. அலுவலகம்னா தலைப்பு ஒரே மாதிரி இருக்க வேணாமா? லெட்டருக்கு லெட்டர் தலைப்பை மாத்தி அடிப்போமா நாம?"

"சலோங்கோ, அது தலைப்பு இல்ல! அது சுவிட்சு! வேணுங்கிறவங்க மட்டும் போடறது!"

"நல்ல வரின்னு நீதானே எட்டு மாசம் என் உயிரை எடுத்தே. நல்லதுன்னா எல்லாத்துலயும் இருந்துட்டுப் போகட்டுமே."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எட்டு மாதம் அந்த வரி எந்தக் கோப்பிலும் வேண்டாம் என்று காவல் காத்த மனிதர், அழகாக இருக்கட்டும் என்று ஒரே கட்டளையில் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறார். கத்தினேன். அந்த அறையில் அப்படி யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். கிசாவாவின் ஆறு பேரைச் சொன்னதும் அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை மேசையில் இறங்கியது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். இரண்டு பேருமாக உட்கார்ந்து எல்லாக் கோப்புகளிலும் அந்த வரியை நீக்கினோம். நவம்பருக்குப் பிறகு புதிதாக எழுதப்பட்டவற்றில் மட்டும் விட்டுவைத்தோம்.

மறுநாள் காலை நக்காபுகோ அழைத்தாள். இரண்டு படகும் கவிழ்ந்திருந்தன. மீட்புப் படகு விடிகாலையில் போய்ச் சேரும்போது ஆறு பேரும் கவிழ்ந்த படகுகளைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தார்களாம். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது, ஒருவர் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. நான் அழுதேன். அவள் அழவில்லை, அது இன்னும் வலித்தது.

பத்து மணிக்குக் கூட்டம். சலோங்கோ குறிப்பேட்டைத் திறந்து என் கையெழுத்து இருந்த பக்கத்தை முன்னால் வைத்தார்.

"வரியை ஒட்டினது என் தப்பு. அதை மேல எழுதி அனுப்பிட்டேன்," என்றார். "ஆனா பழைய ஃபைல் மாறி நடந்துச்சு. இது நீ குடுத்த வாக்கு, ஞாபோ."

"தெரியும். இன்னிக்கே எடுத்துடறேன்."

மனதாரச் சொன்னேன். அந்தச் சனியன் தொலையட்டும் என்றுகூட இருந்தது. என் இருக்கைக்குப் போய்ப் புதுவழியை நீக்கி, எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பழையவை முன்னூற்றுப் பன்னிரண்டும் ஓடின. நாற்பத்தேழு கோப்புகள் திறக்கவே இல்லை. நவம்பரிலிருந்து நக்காபுகோவும் மற்றவர்களும் எழுதியவை. ஒன்றிலும் மூடுகிற கிவெத்தே ஒழுங்காக இல்லை. அதுவரை கோப்பே இல்லாமல் இருந்த நாற்பத்தேழு துறைகள். வெளியே மழைக்காலம் ஆரம்பித்திருந்தது.

நக்காபுகோவை அழைத்தேன்.

"கிவெத்தே போட்டு எல்லாத்தையும் திரும்ப எழுத எவ்வளவு நாள் ஆகும்?"

அவள் சிரித்தாள். கேட்கவே கசப்பாக இருந்தது.

"போன வருஷம் முழுக்க என்னால ஒரு ஃபைலை ஒழுங்கா மூட முடிஞ்சுதா? இப்ப மழையில உக்காந்து எழுதச் சொல்றியா? வேணும்னா எடுத்துக்கோ. அப்புறம் நான் தினமும் துணியை ஆட்டிட்டு நிக்கறேன்."

கூட்ட அறைக்குத் திரும்பினேன். சலோங்கோ இன்னும் எழுந்திருக்கவில்லை.

"எடுக்க முடியாது," என்றேன்.

"என்னது?"

"எடுத்தா நாப்பத்தேழு துறைக்கு எச்சரிக்கை போகாது. அந்த ஃபைலுங்களும் இப்ப பழைய ஃபைல் ஆயிடுச்சு."

அவர் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது உதவியாக இருந்திருக்கும்.

"அப்ப உன் வாக்கு?"

"பொய்யாப் போச்சு. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார். நானும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இனிமேல் இந்த இரண்டு முறைகளையும் நான் இருக்கிற வரைக்கும் சுமக்க வேண்டும், எனக்குப் பின்னால் வருகிறவரும் சுமக்க வேண்டும். அவர் என்னைச் சபிப்பார். சபிக்கட்டும்.

ஆனால் எழுந்து வரும்போது என்னை அரித்தது வாக்கும் இல்லை, சலோங்கோவும் இல்லை. அவர் வரியை ஒட்டினார், சரி. ஒட்டிய அன்றைக்கே ஞான்ஜா கத்தியிருக்க வேண்டும். மேலே புதுவழி, கீழே கிவெத்தே, இரண்டும் ஒரே கோப்பில் எப்படி என்று முன்னூற்றுப் பன்னிரண்டு முறை கத்தியிருக்க வேண்டும். முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். நல்ல பெயருக்கு ஆசைப்பட்டு அதன் வாயை அடைத்தவள் நான்.

உட்கார்ந்து அதைத் திரும்ப எழுதினேன். இரண்டும் சேர்ந்து வந்தால் கோப்பைச் சேமிக்கவே விடாதே, எந்த வரி என்று சொல்லிக் கத்து. மொத்தம் பத்து வரி. கிசாவாவின் கோப்பில் புதுவழியைப் போட்டுச் சோதித்தேன். உடனே மறுத்தது, ஒன்பதாம் வரி என்று சரியாகச் சொன்னது.

கடிகாரத்தைப் பார்த்தேன். எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆகியிருந்தது. அந்த ஆறு பேர் தண்ணீரில் கிடந்தது பதினாறு மணி நேரம்.